மொறிஸ் மைனர் 1098: காஸ்ட் பிஸ்டனா, போர்ஜ்ட் பிஸ்டனா?

மல்லாவி மைனர்:

வணக்கம் எல்லாருக்கும். அப்பாவின் மொறிஸ் மைனர் எஞ்சினை இறக்கிப் பிரித்து மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். 1098 சீசீ. தொண்ணூறுகள் முழுக்க, பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில், மல்லாவி, துணுக்காய், மாங்குளம் என்று மண்ணெண்ணெயில் ஓடின கார் இது. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு திருத்த வேலைக்கென்று வவுனியாவில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டார் அப்பா. திருத்தவும் இல்லை, திருப்பி எடுக்கவும் இல்லை. அந்தச் சோம்பலால்தான் கார் இன்றைக்கு இருக்கிறது. எங்களோடு நின்றிருந்தால் 2009 போரில் மாத்தளன் பக்கம் எங்கேயாவது எரிந்து கிடந்திருக்கும்.

விசயத்துக்கு வாறேன். மூன்றாம் சிலிண்டர் பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவில் உள்ள வளையத்தில் ஒரு துண்டு இல்லை. உடைந்து போயிருக்கிறது. பிஸ்டன் தலையில் 40 என்று அடித்திருக்கிறது, அதாவது ஏற்கெனவே 40 சைஸ் (ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 40 பங்கு, அந்த அளவுக்குச் சிலிண்டரைப் பெருப்பித்துப் போட்டது). கொழும்பில் பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் 60 சைஸ் போர்ஜ்ட் செட் இருக்கிறதாம், சாதாரண காஸ்ட் செட்டைப்போல மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். "இது உடையாது தம்பி, ஆயுளுக்கும் போதும்" என்கிறார் கடைக்காரர். எங்கள் மெக்கானிக் காஸ்ட் போதும் என்கிறார், ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார். நான் என்ன செய்ய?

லேத் அண்ணை, கிளிநொச்சி:

தம்பி, பிஸ்டனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. முதலில் சிலிண்டரின் வாயில் விரலை விட்டு, மேலிருந்து கால் அங்குலம் கீழே நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் ஒரு விளிம்பில் தட்டுப்படுகிறதா? ரிங் ஏறாத இடம் அது, தேயாமல் நிற்கும், அதற்குக் கீழே எல்லாம் தேய்ந்து இறங்கியிருக்கும். அந்த விளிம்பு எவ்வளவு என்பதைப் பார்த்தாலே அந்த எஞ்சின் என்ன பாடுபட்டது என்று சொல்லிவிடலாம். பிறகு போர் கேஜ் (சிலிண்டரின் உள் அகலத்தை அளக்கும் கருவி) வைத்து மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், கிராங் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) ஓடும் திசைக்கு ஒன்று, குறுக்கே ஒன்று, ஆக ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு எடுங்கள். நாலு சிலிண்டருக்கும் இருபத்து நாலு இலக்கம். அதை எழுதிப் போட்ட பிறகு கதைப்போம். அளக்காமல் பிஸ்டன் வாங்குகிறவர் காலை அளக்காமல் செருப்பு வாங்குகிற ஆள்.

ஓமந்தையான், லண்டன்:

நான் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன், கோபிக்காதீர்கள். போர்ஜ்ட் போடுங்கள்.

காஸ்ட் என்றால் அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றி ஆறவிட்டது. உள்ளே நுண்ணிய காற்றுத் துளைகள் இருக்கலாம், உலோகத்தின் மணிகள் கண்டபடி கிடக்கும். போர்ஜ்ட் என்றால் திண்மமான அலுமினியக் கட்டையைச் சூடாக்கி அச்சுக்குள் வைத்துப் பெரிய பிரஸ்ஸால் நெருக்குவது, மணிகள் வடிவத்தோடு சேர்ந்து ஓடும், துளை இருக்காது. நெருக்கடி வந்தால் காஸ்ட் பளாரென்று உடையும், போர்ஜ்ட் நசுங்கும், வளையும், ஆனால் துண்டு துண்டாகப் போய் சிலிண்டரைக் கிழிக்காது. உங்களுக்கு உடைந்தது என்ன? ரிங் வளையம். அது இடிப்பால், அதாவது எரிபொருள் சீராக எரியாமல் வெடித்து அடிப்பதால், உடைகிற இடம். இங்கே மலைப்பாதைப் போட்டிக்கு நான் ஓட்டுவது 1275 ஏ-சீரிஸ், உங்கள் மைனர் எஞ்சினின் குடும்பம்தான், நிமிடத்துக்கு 7000 சுற்று வரைக்கும் போகும். காஸ்ட் பிஸ்டன் ஒன்று என் கண் முன்னாலே போனது, சம்புக்குள் (அடியில் ஒயில் நிற்கும் தொட்டிக்குள்) இருந்து கரண்டியால் அள்ளினேன். அதற்குப் பிறகு நான் காஸ்ட் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

உழவு மெசின்காரன்:

லண்டன் அண்ணை, என்னிடம் இருப்பது மாசி பெர்கியூசன் 135. மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ், ஒவ்வொரு சிலிண்டரும் 91 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. இரணைமடுத் தண்ணி விட்டால் சேற்றுக்குள் இறங்கிக் காலையில் இருந்து பொழுது படும்வரை உழும். டீசல், கொம்பிரசன் (உள்ளே நெருக்குகிற விகிதம்) 16க்கும் மேலே. அதற்குள் கிடப்பது காஸ்ட் பிஸ்டன். என் தகப்பன் காலத்தில் இருந்து இரண்டு தரம்தான் பிஸ்டன் மாற்றியிருக்கிறோம், இரண்டு தரமும் ரிங் பள்ளம் அகன்றதால், உடைந்ததால் இல்லை. 48 குதிரை வலு பெற்றோல் எஞ்சின் எதற்கு அவ்வளவு பயப்படுகிறது?

சிடி200:

என் சிடி200 மோட்டார் சைக்கிளுக்கு 53 மி.மீ. பிஸ்டன் இரண்டும் காஸ்ட்தான். நானும் அவளும் இரண்டு மூட்டை நெல்லும். உடையவில்லை.

ஓமந்தையான், லண்டன்:

உழவு மெசின் 2000 சுற்றில் ஓடுகிறது, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் டீசல் பிஸ்டனுக்குள் முதல் ரிங் இருக்கும் இடத்தில் இரும்பு வளையம் ஒன்றை வைத்து ஊற்றியிருப்பார்கள், பெற்றோல் பிஸ்டனில் அது இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக் கதைக்க முடியாது.

பரந்தன் சேர்:

பௌதிகம் படிப்பித்தவன், கணக்கு வைக்காமல் விட மாட்டேன்.

மைனர் கடைசி கியரில் மணிக்கு 80 கிலோமீற்றர் போனால் எஞ்சின் 3300 சுற்றுக்குக் கிட்ட. 1098இன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், 83.72 மி.மீ. அப்படியென்றால் பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு 9 மீற்றர் சொச்சம். லண்டன் தம்பியின் 1275க்கு ஸ்ட்ரோக் 81 மி.மீ. சொச்சம், 7000 சுற்றில் 19 மீற்றர். வேகம் இரண்டு மடங்கு, ஆனால் பிஸ்டனை மேலே நிறுத்தித் திருப்பி இழுக்கிற விசை சுற்றின் வர்க்கத்துக்கு ஏறும், ஆகவே நாலு மடங்குக்கும் மேலே. அந்த விசைக்கு அவர் போர்ஜ்ட் போடுவது சரி. ஏ9இல் முறிகண்டிக்குப் போய் தேங்காய் உடைத்துவிட்டு வருகிற காருக்கு அந்த விசை வரவே வராது. வரவைத்தால் பிஸ்டனுக்கு முன்னால் கிராங் போய்விடும், 1098இன் நீண்ட ஸ்ட்ரோக் கிராங் மெல்லியது, அதிகச் சுற்றுக்குச் செய்ததில்லை.

இரண்டாவது, வெப்பம். இதுதான் முக்கியம், ஒருவரும் தொடவில்லை. போர்ஜ்ட் என்பது ஒரே பொருள் இல்லை. 2618 என்று ஒரு கலவை, அதில் சிலிக்கன் இல்லை என்றே சொல்லலாம், மற்றது 4032, அதில் 12 வீதம் அளவு சிலிக்கன். சிலிக்கன் கூடினால் விரிவு குறையும், பிஸ்டன் கடினமாகும், அதோடு முறுகலாகவும் ஆகும். 64.58 மி.மீ. அகலமான 2618 துண்டை 100 பாகை சூடேற்றினால் ஏறக்குறைய 0.14 மி.மீ. விரியும். 4032 என்றால் 0.125. சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதே சூட்டுக்கு 0.07தான், அதுவும் தண்ணீர் சுற்றுவதால் அவ்வளவு சூடாகாது. மிச்சத்துக்கு எல்லாம் குளிரில் இடைவெளி விட்டாக வேண்டும். விடாவிட்டால் பிடிக்கும். விட்டால் காலையில் ஸ்ரார்ட் பண்ணும்போது பிஸ்டன் சிலிண்டருக்குள் சாய்ந்து சாய்ந்து அடிக்கும், டக் டக் என்று. பழைய காஸ்ட் பிஸ்டனில் ஸ்கர்ட்டில் (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பக்கச் சுவரில்) வெட்டு விட்டு, சிலவற்றில் உள்ளே இரும்புப் பட்டியும் வைத்து, விரிவைக் கட்டுப்படுத்தினார்கள். அதனால் அதை நெருக்கமாகப் போடலாம், சத்தம் இருக்காது, ஒயில் குடிக்காது.

சிடி200:

சேர் இப்படிப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தால் நான் ஏ.எல். பாஸ்.

லேத் அண்ணை, கிளிநொச்சி:

சேர் சொன்னதை நான் கையால் பார்த்தது. ஒருவர் வெளிநாட்டில் இருந்து 2618 பிஸ்டன் கொண்டுவந்து, காஸ்டுக்கு விடுகிற இடைவெளியிலேயே சிலிண்டரைப் போர் பண்ண, அதாவது கடைந்து பெருப்பிக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன், வேறு இடத்தில் செய்வித்தார். புளியங்குளம் தாண்டவில்லை, பிடித்துவிட்டது. ஸ்கர்ட்டின் இரண்டு பக்கமும் அலுமினியம் உருகி மெழுகுபோல சிலிண்டரில் இழுபட்டிருந்தது. போர்ஜ்ட் பிஸ்டனில் குற்றம் இல்லை, அளவில்தான் குற்றம். 2618 என்றால் ஆயிரத்தில் மூன்றரை, நாலு அங்குலம் கேட்கும். காஸ்டுக்கு ஆயிரத்தில் ஒன்றரை போதும். பெட்டிக்குள் பிஸ்டன் செய்தவன் ஒரு தாள் வைத்திருப்பான், அதில் போட்டிருப்பதுதான் வேதம். நான் சொல்வதும் இல்லை, லண்டன் சொல்வதும் இல்லை.

பழைய றைவர்:

மண்ணெண்ணெய் என்று எழுதியதைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். அந்தப் பத்து வருசமும் ஒஸ்ரின் ஏ40 கார், மைனர் என்று ஓட்டினவன். சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்போம், அதுவும் பவுண் மாதிரி. கார்புரேட்டர் வாயில் ரெண்டு பீச்சு, ஸ்ரார்ட், சூடேறும்வரை காலை எடுக்காமல் பிடித்திருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பின்னால் வெள்ளைப் புகை, முன்னால் கண் எரிவு.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல ஆவியாகாது. துளித் துளியாகச் சிலிண்டர் சுவரில் வழியும், ஒயிலைக் கழுவும், அப்படியே சம்புக்குள் இறங்கும். டிப்ஸ்ரிக்கை இழுத்தால் ஒயில் குறையாது, கூடியிருக்கும்! புதிதாய் வந்த ஆட்கள் அதைப் பார்த்து எஞ்சின் திறம் என்று சந்தோசப்படுவார்கள். மணந்து பார்த்தால்தான் தெரியும். அதோடு இடிப்பு. மைனருக்கு எட்டரைக்கு ஒன்று கொம்பிரசன், மண்ணெண்ணெய்க்கு அது மிகக் கூட. மணல் பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இழுக்கும்போது உள்ளே கிணு கிணு என்று ஒரு சத்தம் கேட்கும், டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பி ரைமிங்கைப் பிந்த வைப்போம், சத்தம் குறையும், இழுவையும் போய்விடும். மண்ணெண்ணெயில் ஓடச் செய்த பழைய பெர்கியூசன் இருந்தது, அதற்குக் கொம்பிரசனே குறைவு, செய்தவன் தெரிந்து செய்தான். நாங்கள் வேறு வழியில்லாமல் செய்தோம். தம்பி, உங்கள் பிஸ்டன் உடைந்தது காஸ்ட் என்றதால் இல்லை. பத்து வருசம் அதைச் சம்மட்டியால் அடித்தோம்.

ஓமந்தையான், லண்டன்:

ஐயா, வணக்கம். இதை நான் யோசிக்கவில்லை. நான் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது சின்னப்பிள்ளை, அந்தப் புகை மணம் மட்டும் நினைவில் இருக்கிறது.

சரி, இடிப்புக்குக் காரணம் மண்ணெண்ணெய் என்றால் 92 ஒக்ரேன் பெற்றோலில் அது வராது. ஆனாலும் 4032 போர்ஜ்ட் என்றால் இடைவெளி 2618 அளவுக்கு வேண்டியதில்லை, ஆயிரத்தில் இரண்டரை போதும், காஸ்டைவிட உறுதி, சத்தமும் குறைவு. காசு இருந்தால் அதில் என்ன குறை?

லேத் அண்ணை, கிளிநொச்சி:

குறை ஒன்றும் இல்லை. அந்தக் காசை வேறு இடத்தில் போடலாம் என்பதுதான். கிராங் அளந்தாரா? கொன்ரொட் நேராக இருக்கிறதா? ஒயில் பம்ப்?

அதைவிட, 60 சைஸ் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. 64.58இல் இருந்து 66.1 மி.மீ. ஆகும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டருக்கு நடுவில் இருக்கிற சுவரும், ஹெட் காஸ்கட் இருக்கிற இடமும் அவ்வளவுக்கு மெலியும். வருடக்கணக்கில் மூலையில் நின்ற புளொக், உள்ளே தண்ணீர்ப் பக்கத்தில் எவ்வளவு துரு தின்றிருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

பரந்தன் சேர்:

கிடைக்கிற லாபமும் பெரிதில்லை. 66.1க்குப் போனால் 1149 சீசீ. ஐம்பது சீசீக்காக புளொக்கைப் பணயம் வைப்பதா.

மல்லாவி மைனர்:

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்குக் கொழும்பு போய் அந்தக் கடையிலேயே பெட்டியைத் திறந்து பார்த்தேன். பெட்டிக்குள் தாள் இல்லை. பிஸ்டன் பார்க்க வடிவு, ஸ்கர்ட்டில் கறுப்புப் பூச்சு, தலை பளபளப்பு. கவிழ்த்து உள்பக்கம் பார்த்தேன், பின் துளைக்கு மேலே மெல்லிய கோடு ஒன்று கூரை முகடுபோல ஓடுகிறது, சுற்றிவர மணல் தாள் மாதிரிச் சொரசொரப்பு. பின் துளைக்குப் பின்னால் உள்ளே குடைந்த மாதிரி ஒரு பள்ளமும் இருக்கிறது. படம் எடுக்க விடவில்லை. இது போர்ஜ்டா?

லேத் அண்ணை, கிளிநொச்சி:

இல்லை. அந்தக் கோடு அச்சு இரண்டு துண்டாய்ச் சேர்ந்த இடம். பிரஸ்ஸால் நெருக்கும்போது மேலச்சு நேரே இறங்கி நேரே ஏற வேண்டும், உள்ளே குடைந்த பள்ளம் இருந்தால் அச்சு வெளியே வராது. புட்டுக் குழலுக்குள் தடி விட்டுத் தள்ளுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், குழல் நடுவில் பருத்திருந்தால் புட்டு வருமா? குடைவு இருந்தால் அது ஊற்றினது. காஸ்ட் பிஸ்டனுக்குக் கறுப்புப் பூச்சுப் போட்டு மூன்று மடங்கு விலை.

சிடி200:

"ஆயுளுக்கும் போதும்" என்று அவர் சொன்னது கடையின் ஆயுளை.

மல்லாவி மைனர்:

வாங்கவில்லை. பக்கத்துத் தெருவில் இன்னொரு இடத்தில் ஸ்ராண்டேர்ட் சைஸ் காஸ்ட் செட் ஒன்று பெட்டியோடு, தாளோடு கிடைத்தது. அண்ணை சொன்ன மாதிரி அளவும் எடுத்தேன், இலக்கமெல்லாம் எழுதி உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் சிலிண்டர்தான் மோசம், மேலுக்கும் கீழுக்கும் 0.2 மி.மீ. வித்தியாசம்.

லேத் அண்ணை, கிளிநொச்சி:

பார்த்தேன். நாலு சிலிண்டருக்கும் உள்ளே சிலீவ் (புதுக் குழல்) அடித்து ஸ்ராண்டேர்டுக்கு, அதாவது பழைய முதல் அளவுக்குக் கொண்டுவருவோம். புளொக்கைக் கொண்டு வாருங்கள், பிஸ்டனையும் சேர்த்து. பிஸ்டன் கையில் இல்லாமல் நான் கடைசி அளவுக்கு ஓடமாட்டேன். நாலு பிஸ்டனும் ஒரே அளவு என்று பெட்டியில் போட்டிருக்கும், மைக்ரோமீற்றர் வேறு கதை சொல்லும், அந்தந்தப் பிஸ்டனுக்கு அந்தந்தச் சிலிண்டர் என்று இலக்கம் அடித்துத்தான் ஹோன் பண்ண (கல்லால் உரைத்துக் கடைசி அளவுக்குக் கொண்டுவர) வேண்டும். வரும் வழியில் நகைக்கடை ஒன்றில் பிஸ்டன்களை நிறுத்துக் கொண்டு வாருங்கள்.

மல்லாவி மைனர்:

நிறுத்தேன். கடைக்காரர் நாலு பிஸ்டனையும் பட்டுத் துணியில் வைத்துத்தான் தராசில் ஏற்றினார், சிரிப்பாய் இருந்தது. மூன்று பிஸ்டன் ஒரு கிராமுக்குள் ஒத்து வந்தது. நாலாவது ஆறு கிராம் கூட.

லேத் அண்ணை, கிளிநொச்சி:

உள்ளே பின் துளைக்குக் கீழே தடித்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மூன்றோடு சேர்த்துவிடலாம். தலைக்குப் பின்பக்கம் தொடவே கூடாது, அங்கேதான் நெருப்பு.

மல்லாவி மைனர்:

ஒன்றரை மாதம் கழித்து வந்திருக்கிறேன். சிலீவ் அடித்து, போர் பண்ணி, ஹோன் பண்ணி, 0.04 மி.மீ. இடைவெளியில் பிஸ்டன் போனது. விரலால் தள்ள இறங்கியது, விட்டால் நின்றது, அந்த இறுக்கத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. ரிங் ஒவ்வொன்றையும் சிலிண்டருக்குள் தனியே விட்டு, பிஸ்டனாலேயே நேராகத் தள்ளி, வாய் இடைவெளி பார்த்தோம், 0.25 மி.மீ., ஒன்று மட்டும் குறைவாக இருந்ததால் அண்ணை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார். கிராங்கும் அரைத்தாயிற்று. போர்ஜ்டுக்கு வைத்திருந்த காசு அதற்குத்தான் போனது, அதிலும் மிச்சம்.

நேற்று ஸ்ரார்ட் பண்ணினோம். அப்பா கதிரை போட்டுப் பக்கத்தில் இருந்தார். பிடித்த உடனேயே டக் டக் டக் என்று ஒரு சத்தம். எனக்குக் கை கால் ஓடவில்லை, இவ்வளவு செய்தும் பிஸ்டன் அடிக்கிறதே என்று. சூடேறியும் போகவில்லை.

ஓமந்தையான், லண்டன்:

சூடேறியும் போகவில்லை என்றால் பிஸ்டன் இல்லை. பிஸ்டன் அடித்தால் சூட்டில் குறையும். தப்பெற், அதாவது வால்வுக்கு மேலே விடுகிற இடைவெளி, பாருங்கள். குளிரில் ஆயிரத்தில் பன்னிரண்டு அங்குலம்.

மல்லாவி மைனர்:

அண்ணை, நீங்கள் லண்டனில் இருந்து சொன்னது சரி. ஆறாவது வால்வின் பூட்டு நட்டை இறுக்க மறந்திருக்கிறேன், இடைவெளி இரு மடங்காகிக் கிடந்தது. பன்னிரண்டுக்கு வைத்து இறுக்கியதும் சத்தம் நின்றுவிட்டது. ஒயில் 20-50 ஊற்றியிருக்கிறேன். நாளைக்கு முறிகண்டி வரைக்கும் போய் வரப்போகிறோம், ஒரே வேகத்தில் போகாமல் கூட்டிக் குறைத்து ஓட்டச் சொல்லியிருக்கிறார் அண்ணை.

லேத் அண்ணை, கிளிநொச்சி:

500 மைலில் ஒயிலை மாற்றுங்கள். பழைய ஒயிலை ஊற்றிவிடாமல் ஒரு வெள்ளைப் போத்தலில் என்னிடம் கொண்டு வாருங்கள், அடியில் என்ன படிகிறது என்று பார்க்க வேண்டும். வரும்போது கச்சானும்.